ஒரு பிடி தவிட்டுக்கு வாங்கிய ஐடி

ஓசூர்,
10 பிப்ரவரி 2025

அன்புள்ள ஆதிமூலம் மாமாவுக்கு,

தேவிப்ரியா வணக்கத்தோட எழுதறது. இங்க நானும் அவரும் சௌக்கியம். உங்க முழங்கால் எப்படி இருக்கு, கடை எப்படி ஓடுது? அம்மாவைப் பார்த்தா நான் வேளைக்குச் சாப்பிடறேன்னு சொல்லுங்க.

போன் இருக்கும்போது இவ எதுக்குக் கடுதாசி போடறான்னு யோசிப்பீங்க. எங்க வீட்ல என் போன் ஹாலில்தான் சார்ஜ் ஆகும். யார் விரல் பட்டாலும் திறக்கும். கவரைப் பிரிச்சுப் படிக்கற பழக்கம்தான் இப்ப யாருக்கும் இல்ல. அதனால இது.

அப்துல் பாய் சர்வீஸ் சென்டர்ல வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் சரிபண்றதை நான் வீடியோ எடுத்துப் போட்டது உங்களுக்குத் தெரியும். சின்னச் சின்ன ரிப்பேரை வீட்டுப் பொம்பளைங்க தாங்களே பார்த்துக்கட்டும்னு ஆரம்பிச்சேன். முதல் சேனலுக்கு 'தேவிப்ரியா கலையரசன்'னு அவர் பேரைச் சேர்த்து வெச்சேன். அது போயிடுச்சு. ரெண்டாவதுக்கு அப்பா பேரைச் சேர்த்து 'தேவிப்ரியா அப்பாதுரை'. அதுவும் போயிடுச்சு. ரெண்டும் தானாவே போயிடுச்சு.

மூணாவது ஆரம்பிக்கப் போறேன். இது நிக்கணும் மாமா. இதுவும் போனா அப்புறம் ஸ்க்ரூடிரைவரைச் சம்பளத்துக்கு மட்டும்தான் தொடுவேன். ஊருக்கெல்லாம் ஐடி பேர் வைக்கறவர் நீங்க, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. பதிலை சர்வீஸ் சென்டர் விலாசத்துக்குப் போடுங்க. வீட்டுக்கு வேணாம். உடம்பைப் பார்த்துக்குங்க.

உங்கள் மருமகள்
தேவிப்ரியா

*

திருவண்ணாமலை,
17 பிப்ரவரி 2025

ஓசூர் மாநகரின் மிக்ஸி மகாராணி, என் அக்கா சந்திரகலா பெற்ற ஒரே ரத்தினம் தேவிப்ரியாவுக்கு,

செங்கம் ரோட்டின் செங்கோல், ஐடி நாமகரணச் சக்கரவர்த்தி, ஆதிமூலம் பிரவுசிங் சென்டரின் நிறுவனரும் ஒரே ஊழியருமான உன் தாய்மாமன் ஆசீர்வதித்து எழுதுவது. என் நலத்துக்குக் குறைவில்லை. முழங்கால் மட்டும் கிரிவலம் வர மறுக்கிறது. இத்தனை வருஷம் நான் மலையைச் சுற்றினேன், இனி ஒரு பௌர்ணமிக்கு மலை என்னைச் சுற்றட்டும் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்வதாக மலை சொல்லியிருக்கிறது.

கேட்க வேண்டிய இடத்தில்தான் கேட்டிருக்கிறாய். இந்த ஜில்லாவில் நான் ஐடி வைக்காத ஆள் கம்மி. ஆதாரோடு இணைக்க வந்தவன், வேலைக்கு விண்ணப்பிக்க வந்தவன், நாத்தனாரை வேவு பார்க்க வந்தவள், எல்லோரும் என் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். நம் ஊரில் இருக்கிற கஷ்டம் வேறு எந்த ஊரிலும் கிடையாது. ஒரு கல்லை மேலே விட்டெறிந்தால் அது எந்தத் தலையில் விழுந்தாலும் அந்தத் தலைக்குப் பேர் அண்ணாமலை. தப்பித்தவறி நழுவினால் அருணாசலம். லாட்ஜ் வாட்ச்மேன் அண்ணாமலை போன வாரம் வந்தார். அண்ணாமலை என்று அடித்தேன். இந்தப் பேர் ஏற்கெனவே எடுக்கப்பட்டது என்றது கம்ப்யூட்டர். "என் பேரு எனக்கே இல்லியா? அந்தாளைக் கூப்பிடு, நேர்ல பேசிக்கிறேன்" என்று சட்டைக் கையை மடித்தார். அண்ணாமலை8847 காலி என்றது. அது என்ன நம்பர் என்றார். மலைக்கு வயசு என்றேன். கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்திருக்கிற ஜெர்மன்காரர் ஒருவர் வந்தார். தனக்குள் 'நான்' என்பது செத்துப் போய்விட்டதாகவும், அதனால் பேரே இல்லாத ஐடி வேண்டும் என்றும் கேட்டார். 'யாருமில்லை' என்று போட்டுப் பார்த்தோம். அதை ஏற்கெனவே யாரோ எடுத்துவிட்டார்கள். யாருமில்லை1, யாருமில்லை2 என்று போய்க்கொண்டே இருந்தோம். தன்னைப் போல 'நான்' செத்தவர்கள் இத்தனை பேரா என்று மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்ததும் 'நான்' உயிரோடு எழுந்துவிட்டது. சொந்தப் பேரிலேயே போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

கன்னியம்மாள் என்று ஒரு பூக்காரம்மா. புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார். ஆனால் பாஸ்வேர்டு புருஷன் பேர்தான். மறந்துவிடக்கூடாதே என்று என்னிடம் சுவரில் இருந்த முருகன் காலண்டரைக் காட்டினார். முருகனுக்கு ஆயிரம் பேர். நாற்பதாவது பேரில் திறந்தது.

இத்தனை அனுபவத்தை வைத்துக்கொண்டு ஒன்று சொல்கிறேன் கேள். ஐடி தானாகச் சாகாது மருமகளே. மனுஷன் சாவான், மாடு சாகும், பஸ் கம்பெனி சாகும். ஐடி பிடிவாதம் பிடித்தது, மறந்துபோன ஐடிகூட எங்காவது மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும். பாஸ்வேர்டு தெரிந்த கை ஒன்று உள்ளே போய்க் கழுத்தை நெரித்தால்தான் அது போகும். பேரை அப்புறம் வைக்கலாம். முதலில் இதைச் சொல். உன் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?

மாப்பிள்ளை கலையரசனைக் கேட்டதாகச் சொல். நேரத்துக்குத் தூங்கு.

இப்படிக்கு,
மேற்படி சக்கரவர்த்தி
ஆதிமூலம்

*

திருவண்ணாமலை,
12 மார்ச் 2025

மருமகளுக்கு மாமனின் இரண்டாவது ஓலை.

இங்கு சுகம். அங்கும் அப்படியே என்று நினைத்துக்கொள்ள முயற்சி செய்கிறேன். உன் பதில் வராததால் போஸ்ட்மேனைச் சந்தேகப்பட்டு அவர் பையை நானே ஒருமுறை கவிழ்த்துப் பார்த்தேன். மனுஷர் அழாத குறை.

கேட்ட கேள்வி கனமானது என்றால் அதை அப்படியே கீழே போட்டுவிடு. பதில் வேண்டாம். பேர் மட்டும் வைத்துக்கொள்ளலாம். வெயில் ஏறுகிறது, மோர் குடி.

ஆதிமூலம்

*

ஓசூர்,
24 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்தான். போஸ்ட்மேன்கிட்ட மன்னிப்பு கேளுங்க. வேலை ஜாஸ்தி, அதான் எழுதலை.

என் பாஸ்வேர்டு என் பொறந்த நாள். இந்த வீட்ல ஒருத்தருக்கும் அது ஞாபகம் இருக்காது. ஒருத்தருக்கு மட்டும் இருக்கும், கேக் வாங்கிட்டு வருவார்.

நடந்ததைச் சொல்றேன், நீங்களே பார்த்துக்குங்க. முதல் சேனல் நல்லாத்தான் போச்சு. ஒரு கல்யாணத்துல அவரோட அண்ணன் மாறன் சாப்பாட்டுப் பந்தியில எல்லாருக்கும் கேக்கறமாதிரி, "என்னடா கலை, உன் பேரு ஊர் ஊரா மிக்ஸி கழுவுதாமே"ன்னார். பந்தியே சிரிச்சுது. அவரும் சிரிச்சார். அந்த வாரம் சேனல் இல்ல. சரி, அவர் பேர்தானே இடிக்குதுன்னு அப்பா பேரைப் போட்டு ரெண்டாவது ஆரம்பிச்சேன். மாறனோட சம்சாரம் பார்த்துட்டு, "ஏன் தம்பி, அவ உன் பேரை எடுத்துட்டா, ஏதாவது பிரச்சினையா?"ன்னு என்னைக் கேக்காம அவரைக் கேட்டாங்க. அந்த வாரம் அதுவும் இல்ல.

அவர் பேர் போட்டா அவருக்கு அவமானம். போடலைன்னா அவருக்கு அவமானம். நான் ஒரு வார்த்தை கேக்கலை, அவரும் சொல்லலை. நல்ல மனுஷர் மாமா. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து எனக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுக்கறவர். அதான் எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியலை.

வெறும் தேவிப்ரியான்னு போடலாம்னு பார்த்தேன். அதை எப்பவோ வேற யாரோ எடுத்துட்டாங்க. தேவிப்ரியா மிக்ஸி, தேவிப்ரியா டெக், எதைப் போட்டாலும் தேவிப்ரியான்னு தேடினா வந்து நிக்கும். யார் பேரும் ஒட்டாத பேர் ஒண்ணு சொல்லுங்க.

அம்மாகிட்ட இதெல்லாம் வேணாம். மாத்திரையை நிறுத்திடாதீங்க.

தேவிப்ரியா

*

திருவண்ணாமலை,
31 மார்ச் 2025

மருமகளுக்கு,

நாமகரணச் சக்கரவர்த்தி பூரண நலத்துடன், புது மூளையுடன் எழுதுவது. கூடவே இருக்கும் பொட்டலத்தை மெதுவாகப் பிரி.

நம் பக்கத்தில் ரெண்டு பிள்ளை பிறந்து தங்காமல் போனால் மூன்றாவதுக்கு என்ன செய்வார்கள்? குப்பைமேட்டில் போட்டுப் புரட்டுவார்கள். ஒரு பிடி தவிட்டுக்கு வேறு வீட்டுக்கு விற்றுவிடுவார்கள். குப்பன், குப்பம்மா என்று பேர் வைப்பார்கள். எமன் வந்து எட்டிப் பார்ப்பான். இது அழகான பிள்ளையும் இல்லை, இந்த வீட்டுப் பிள்ளையும் இல்லை, வெறும் குப்பை என்று போய்விடுவான். பிள்ளை தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்து எல்லோரையும் வையும். நம் ஜில்லாவில் ஓட்டர் லிஸ்டைப் பார், எமன் எத்தனை தடவை ஏமாந்திருக்கிறான் என்று தெரியும்.

உனக்கு ரெண்டு சேனல் தங்கவில்லை. எனவே மூன்றாவதுக்குச் செய்ய வேண்டியதைத் தாய்மாமன் முறையில் நானே செய்துவிட்டேன். நேற்றுக் காலை என் நம்பரை வைத்து 'குப்பம்மா' என்று ஒரு சேனல் திறந்தேன். போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் இருக்கிற குப்பைத்தொட்டிக்குப் போனேன். தொட்டிக்கு மேலே போனை மூன்று தடவை புரட்டினேன். நகராட்சி வண்டியோடு வந்த அம்மா பார்த்துக்கொண்டே நின்று, "மக்கும் குப்பையா, மக்காத குப்பையா?" என்றார். மக்காதது, நூறு வருஷம் ஆனாலும் மக்காதது என்றேன். அப்ப நீலத் தொட்டி என்றார். அங்கேயும் ஒருமுறை புரட்டினேன், எதற்குக் குறை வைக்க வேண்டும்.

பொட்டலத்தில் இருப்பது விலை. அடி அண்ணாமலையில் எருமை வைத்திருக்கிற சின்னசாமியிடம் வாங்கிய சுத்தமான தவிடு. இதை வாங்கிக்கொண்டாய் என்றால் பிள்ளையை எனக்கு விற்றுவிட்டாய். இனி குப்பம்மா என் சொத்து. பாஸ்வேர்டு நான் வைத்தது, ஒருத்தர் பிறந்த நாளும் இல்லை, தனிச் சீட்டில் இருக்கிறது. மனப்பாடம் பண்ணிவிட்டுக் கிழித்துப் போடு. உன் முகம் வேண்டாம், கை மட்டும் தெரியட்டும். வீட்டில் யாராவது கேட்டால் கண்ணை உருட்டாமல் சொல், "அது எங்க திருவண்ணாமலை மாமாவுது." பொய்யும் இல்லை.

பதில் போடு. பொட்டலத்தைச் சாப்பிட்டுவிடாதே.

தவிட்டு வியாபாரி
ஆதிமூலம்

*

ஓசூர்,
9 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லாரும் சௌக்கியம், அப்துல் பாயைத் தவிர. கவரை அவர்தான் பிரிச்சார். தவிடு மொத்தமும் ஒருத்தர் கழட்டி வெச்சிருந்த மோட்டார் மேல கொட்டுச்சு. "ஏம்மா, உங்க ஊர்ல லெட்டருக்குக் கூடவா தீனி போடுவாங்க?"ன்னு கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சுட்டு, அவங்க சொந்தத்துலயும் இப்படிப் பிள்ளை தங்காம பொறந்தவனுக்குப் பக்கிரின்னு பேர் வெச்சாங்க, கல்லு மாதிரி இருக்கான்னார். சாப்பாட்டு நேரத்துல பின்பக்கம் மேஜையை எடுத்துக்கச் சொல்லிட்டார். கடையோட பழைய போன்லயே எடுக்கறேன், கடைக் கம்ப்யூட்டர்லயே ஏத்தறேன். வீட்டுக்கு ஒண்ணும் போகாது.

பேரைப் பார்த்து முதல்ல கோவம் வந்துச்சு. டிப்ளமோ படிச்சு குப்பம்மாவான்னு. வேற பேர் ஒரு நாள் பூரா தேடினேன். எல்லாம் ஒண்ணு யாரோட பொண்டாட்டி மாதிரி இருந்துச்சு, இல்லைன்னா ஏதோ சோப்பு மாதிரி இருந்துச்சு. சாயந்திரம் பார்த்தா, நான் தொடற பொருள் எல்லாமே வீட்ல குப்பைன்னு தூக்கிப் போட இருந்ததுதான். சரி, இருக்கட்டும்.

முதல் வீடியோ போட்டாச்சு. அதுல இப்படித்தான் பேசினேன்: மிக்ஸி ஓடிட்டே இருந்து பட்டுனு நின்னா பயப்படாதே. பிளக்கைக் கழட்டு. மிக்ஸியைத் தலைகீழாத் திருப்பு. அடியில சின்னதா ஒரு சிவப்பு பட்டன் வெளியே துருத்திட்டு இருக்கும். சுமை ஜாஸ்தியானா அது தானாத் தள்ளிக்கும். கொஞ்ச நேரம் ஆறவிட்டு உள்ள அமுக்கு, ஓடும். அவ்வளவுதான். இதுக்கே எத்தனை பேர் கடைக்குத் தூக்கிட்டு வர்றாங்க தெரியுமா?

நீங்க அதுல எதுவும் எழுதாதீங்க. பேருக்கு நீங்க, வேலைக்கு நான்.

தேவிப்ரியா

*

திருவண்ணாமலை,
14 மே 2025

மருமகளுக்கு,

நான் நலம். ஊர் நலமில்லை, காரணம் நீ.

முந்தாநாள் சித்ரா பௌர்ணமி. பூமியில் இருக்கிற அத்தனை ஜனமும் இங்கே வந்துவிட்டதால் மற்ற தேசங்கள் எல்லாம் காலியாகக் கிடந்தன என்று கேள்வி. கூட்டத்தில் என் காதால் கேட்டேன். ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்கிறாள், "மிக்ஸியா? தலைகீழாப் போட்டு அடியில பாருடி. குப்பம்மா சொல்லியிருக்கு." ஈசானிய லிங்கத்திலிருந்து ஆரம்பித்து வழி நெடுக இதே பேச்சாம். இந்த வேகத்தில் போனால் அடுத்த வருஷம் ஜனங்கள் மலையையே தலைகீழாகத் திருப்பிச் சிவப்பு பட்டன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இப்போது ஒரு சின்ன விஷயம். சேனலில் என் நம்பர் இருக்கிறதா, எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. (நான் டீக்கடையில் சொன்னதால் தெரிந்தது. அதுவும் ஒரு வழிதானே.) கடைக்கு மிக்ஸியோடு வர ஆரம்பித்தார்கள். குப்பம்மா யார் என்றார்கள். மீசையைத் தடவிக்கொண்டு, அது என் பொறுப்பில்தான் நடக்கிறது என்றேன். நீ சொன்னபடி கவிழ்த்தேன், அமுக்கினேன், ஓடியது. ஒரே வாரத்தில் மிக்ஸி தன்வந்திரி ஆகிவிட்டேன். பூக்காரம்மா கன்னியம்மாள் எனக்கு ஒரு முழம் மல்லி போட்டார்.

அப்புறம் தலைமையாசிரியர் வீட்டு மிக்ஸி வந்தது. கவிழ்த்தேன், அமுக்கினேன். ஓடவில்லை. இன்னும் பலமாக அமுக்கினேன். உள்ளே இருந்து முதலில் ஒரு வாசனை வந்தது. அப்புறம் புகை. மலை உச்சியில் தீபம் ஏற்றிவிட்டார்களோ என்று ஜனங்கள் தெருவில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தலைமையாசிரியர் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்கு என்ன செய்வது என்று சீக்கிரம் எழுது. மனுஷர் தினமும் எதிர்க்கடையில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறார். கண்ணுக்கு நல்லெண்ணெய் விட்டுக்கொள், ஓசூரில் புழுதி ஜாஸ்தி.

இப்படிக்கு,
குப்பம்மாவின் உரிமையாளர்

*

ஓசூர்,
2 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நல்லா இருக்கேன். இனிமே நீங்க எந்த மிக்ஸியையும் தொடாதீங்க. இது வேண்டுகோள் இல்ல.

தலைமையாசிரியர் மிக்ஸியை பஸ் பார்சல்ல அனுப்புங்க. பேரிங் இறுகியிருக்கும், மோட்டார் சுத்த முடியாம திணறியிருக்கும். அதுல போய் பட்டனை அமுக்கிப் பிடிச்சிருக்கீங்க. மோட்டார் காயில் கம்பி கருகியிருக்கும். புதுசாச் சுத்தித் தர்றேன். எப்படிச் சுத்தறதுன்னு வீடியோவும் போடறேன், 'இப்படிச் செய்யாதீங்க'ன்னு உங்களை வெச்சு ஆரம்பிக்கறேன். பேர் சொல்ல மாட்டேன்.

சிவப்பு பட்டன் வீடியோவுக்குக் கீழ பார்த்தீங்களா? விருத்தாசலத்துலேர்ந்து ஒரு அம்மா, "இருபது வருஷமா இந்த பட்டனுக்கு நான் கடைக்காரனைக் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன் குப்பம்மா"ன்னு எழுதியிருக்காங்க. அதைப் படிச்சுட்டு அன்னைக்கு மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கலை. நல்ல விதமாத்தான்.

வீட்ல இன்னும் யாரும் கேக்கலை. அவர் மட்டும் ரெண்டு நாளா என் கையைப் பார்க்கறார்.

தேவிப்ரியா

*

திருவண்ணாமலை,
12 ஜூலை 2025

மருமகளுக்கு,

ஜூன் போய் ஜூலையும் பாதியாகப் போகிறது, உன் கடிதம் இல்லை. குப்பம்மாவில் வீடியோ வருகிறது, அதில் உன் கை வருகிறது. கை நன்றாகத்தான் இருக்கிறது. கைக்கு மேலே இருக்கிற ஆள் எப்படி இருக்கிறாள் என்று அதில் தெரியவில்லை.

கையைப் பார்க்கிறார் என்று எழுதிவிட்டு நிறுத்திவிட்டாய். கேட்டுவிட்டாரா? கேட்டால் நான் சொல்லிக்கொடுத்ததைச் சொல். நம்பவில்லை என்றால் என்னைக் கூப்பிடச் சொல். போலீஸ் வந்தாலும் குப்பம்மா நான்தான் என்பேன். புடவை கட்டிக்கொண்டு வரச் சொன்னாலும் வருவேன், மீசையைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

மிக்ஸி வந்து சேர்ந்தது. தலைமையாசிரியர் எழுந்து போய்விட்டார்.

இன்னொன்று, சும்மா தகவலுக்கு. கடைக்கு ஒரு ஃப்ளெக்ஸ் போட்டிருக்கிறேன். 'குப்பம்மா புகழ் ஆதிமூலம் பிரவுசிங் சென்டர்'. என் படம் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆள் உயரம்தான்.

ஒரு வரி எழுது. உடம்பு நலமா என்று மட்டுமாவது.

மாமா

*

ஓசூர்,
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்பு நலம். மனசும் நலம். பொறுமையாப் படிங்க, இது நீளம்.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு பெண்கள் பாலிடெக்னிக்லேர்ந்து குப்பம்மாவுக்கு எழுதியிருந்தாங்க. நேர்ல வந்து பிள்ளைங்களுக்குச் செஞ்சு காட்டணும், குப்பம்மா யாருன்னு பார்க்கணும்னு. உங்களை அனுப்ப முடியாது. நீங்க போனா காலேஜ் மிஞ்சாது. போறதுன்னா நான் போகணும், முகத்தோட. அதை யோசிச்சுட்டுத்தான் இத்தனை நாள் எழுதலை.

போன வாரம் சாப்பிடும்போது அவரே ஆரம்பிச்சார். "ஷிஃப்ட்ல எல்லாரும் குப்பம்மான்னு ஒண்ணு பார்க்கறாங்க. அது யாருது?"

"ஏன் கேக்கறீங்க?"

"கை மட்டும்தான் தெரியுது."

"கை எப்படி இருக்கு?"

"கட்டைவிரல்ல சுட்ட தழும்பு இருக்கு. தலை தீபாவளிக்கு நான் கொளுத்தின புஸ்வாணம்."

மாமா, நீங்க சொல்லிக் கொடுத்த பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லியிருந்தா அவர் நம்பற மாதிரி இருந்திருப்பார், நான் நம்ப வெச்ச மாதிரி இருந்திருப்பேன். அப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனா விருத்தாசலத்து அம்மா எனக்குத்தானே எழுதினாங்க. "என்னுதுதான்"னு சொல்லிட்டேன்.

ரசத்தை ஊத்திக்கிட்டார். ரொம்ப நேரம் பிசைஞ்சார். "என் பேரைப் போடலை."

"போட்டிருந்தேன். இப்ப அது இல்ல."

தலை நிமிரலை. "அண்ணன் அன்னைக்கு ரொம்பப் பேசிட்டாரு"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். அது போதுமா போதாதான்னு எனக்கு இன்னும் தெரியலை. கொஞ்சம் கழிச்சு, "இதுக்கு என்ன பாஸ்வேர்டுன்னு கேக்க மாட்டேன்"னார்.

"கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

அதுக்குச் சிரிச்சார். நானும் சிரிச்சுட்டேன். அந்தச் சிரிப்பு பந்தியில சிரிச்ச சிரிப்பு இல்ல.

கிருஷ்ணகிரிக்கு அவர் பைக்லயே போனேன். பிள்ளைங்க என்னைச் சுத்தி நின்னு குப்பம்மாக்கா, குப்பம்மாக்கான்னு கூப்பிட்டாங்க. அதுல ஒருத்தி எனக்கு முன்னாடியே ஜாரைக் கழட்டிட்டா. அந்த வீடியோல முதல் தடவையா என் முகம் இருக்கு.

இனிமேதான் வேடிக்கை. முகம் வந்த மறுநாள் மாறன் வந்தார், இனிப்போட. அவருக்கு எலெக்ட்ரிகல் கடை இருக்கு இல்லியா, "'மாறன் எலெக்ட்ரிகல்ஸ் குப்பம்மா'ன்னு வெச்சா எடுப்பா இருக்கும்மா"ங்கறார். அம்மா போன் பண்ணி, "அப்பா பேரை முன்னாடி ஒரு எழுத்தாவது போடக்கூடாதா, பெத்தவருக்கு அது கூடவா இல்ல?"ன்னு அழறாங்க. எங்க வீட்டுக்காரர் ராத்திரி பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே, "என் பேரைச் சேர்க்கறதுன்னா சேர்த்துக்கோ, எனக்கு இப்ப ஒண்ணும் இல்ல"ங்கறார். வெறும் கரிக்கை மட்டும் தெரிஞ்சப்ப ஒருத்தரும் தன் பேருக்கு இடம் கேக்கலை. நான் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். குப்பம்மா போதும். அவர் தேய்ச்ச தட்டையே இன்னொரு தடவை தேய்ச்சார். அப்புறம் துடைச்சு அடுக்கிட்டார்.

மாமா, உங்களுக்கும் அதே பதில்தான். ஃப்ளெக்ஸை இறக்கிடுங்க. சேனல்லேர்ந்து உங்க நம்பரை எடுத்துட்டு என் நம்பரைப் போடுங்க. நீங்க இல்லைன்னா இது பொறந்தே இருக்காது, அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன்.

கோச்சுக்கிட்டாலும் சாப்பாட்டை விட்டுடாதீங்க.

அன்புடன்
தேவிப்ரியா

*

திருவண்ணாமலை,
11 ஆகஸ்ட் 2025

மருமகளுக்கு,

முடி துறந்த சக்கரவர்த்தி நலமாக இருக்கிறார். ரெண்டு வேளை கோபித்துக்கொண்டு சாப்பிடவில்லை. மூன்றாவது வேளை உன் அத்தை கத்தரிக்காய் வதக்கிவிட்டாள்.

முதலில் உனக்கு ஒரு பதில் எழுதினேன். பதினாறு பக்கம். தாய்மாமன் உரிமை, தவிட்டின் விலை, உலகத்துத் தாய்மாமன்கள் அனைவரும் சிந்திய கண்ணீர் எல்லாம் அதில் இருந்தது. படித்துப் பார்த்தேன். மாறன் இனிப்போடு வந்து பேசினதாக எழுதினாயே, அதே பேச்சு. எனக்கு இனிப்பு வாங்கி வரத் தோன்றவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கிழித்துவிட்டேன்.

ஃப்ளெக்ஸ் இறங்கிவிட்டது. எதிர் டீக்கடைக்காரர் வெயிலுக்குக் கட்டிக்கொள்கிறேன் என்று வாங்கிப் போனார். என் முகத்தை உள்பக்கமாகக் கட்டியிருக்கிறார். டீ குடிப்பவர்கள் அண்ணாந்தால் நான் தெரிவேன். வடை விற்பனை கம்மியாகிவிட்டதாகச் சொல்கிறார், அதற்கு நான் பொறுப்பில்லை.

உன் நம்பரைப் போட்டேன். உனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கும், வந்ததா? என் நம்பரை எடுக்கப் போனால் கம்ப்யூட்டர் என்னைக் கேட்கிறது, நிச்சயமாகத்தானா என்று. இத்தனை வருஷத்தில் அடுத்தவனுக்காக அந்தக் கேள்வியை எத்தனை தடவை அமுக்கியிருப்பேன், ஒருநாளும் அதைப் படித்ததில்லை. அன்றைக்குப் படித்தேன். அமுக்கினேன். பாஸ்வேர்டையும் நீ மாற்றிவிடு. நான் நல்லவன்தான், ஆனால் டீக்கடை எதிரிலேயே இருக்கிறது.

கிருஷ்ணகிரி வீடியோ பார்த்தேன். உன் முகத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன், அந்தக் கூட்டத்தில் அது சுலபமில்லை, அத்தனை பெண்களும் குப்பம்மா மாதிரியே நின்றார்கள்.

இன்று காலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அடி அண்ணாமலையிலிருந்து ஒரு பெண் கிரைண்டரை ஆட்டோவில் வைத்துக்கொண்டு வந்தாள். "குப்பம்மா கடை இதுதானே?" என்றாள். இல்லம்மா, அவங்க ஓசூர்ல இருக்காங்க என்றேன். கிரைண்டர் வீடியோ எது என்று தேடிக் காட்டினேன். அங்கேயே நின்று பார்த்தாள். பெல்ட்தான் நழுவியிருக்கு, நானே மாட்டிக்குவேன் என்று சிரித்தாள். ஆட்டோவில் ஏறப் போனவள் திரும்பி, "இவ்ளோ விவரமாச் சொல்றீங்களே, அவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள்.

வாயில் எத்தனை பட்டம் வந்து முட்டியது தெரியுமா. ஒவ்வொன்றாக விழுங்கினேன்.

"நானா? நான் சந்தாதாரர்மா" என்றேன்.

நலமாக இரு. மாப்பிள்ளைக்கும் சொல்.

ஆதிமூலம்